வாடிக்கையாளரின் கார்டு எண் யாரிடம் இருக்கலாம்?

ஆன்லைன் கடை போடுகிறவர்கள், வெப்சைட் செய்து தருபவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கஸ்டமர் அடுத்த தடவை வந்தா கார்டு நம்பரைத் திரும்ப அடிக்கக் கூடாது. நம்ம டேட்டாபேஸ்லயே என்கிரிப்ட் பண்ணி வச்சுக்கலாமா?" ஆசை நியாயமானதுதான். பதினாறு இலக்கத்தைப் போனில் தட்டிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் எந்தக் கடைக்காரருக்கும் இருக்கும்.

ஆனால் எந்த என்கிரிப்ஷன் என்பது இரண்டாவது கேள்வி. அந்த எண் நம் சர்வருக்குள் வரத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. இந்தியாவில் கடை நடத்துபவருக்கு இதில் பாதி முடிவை ரிசர்வ் வங்கியே எடுத்துக் கொடுத்துவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டைக் கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்கும் தவிர, நடுவில் இருக்கும் வேறு யாரும் உண்மையான கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. கடைக்காரருக்கும் கூடாது, கடைக்காக ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் கேட்வேக்கும் கூடாது. கணக்கு ஒத்துப்பார்க்க கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கு முன் 2022 ஜனவரி 1 என்று கெடு வைத்திருந்தார்கள். கடைகளும் கேட்வேக்களும் தயாராகவில்லை என்று ஜூன் 30-க்குத் தள்ளி, பிறகு செப்டம்பர் 30 வரை நீட்டித்தார்கள்.

அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கார்டு எண்ணை வாடிக்கையாளர் யாருடைய பக்கத்தில் தட்டுகிறார், எண்ணுக்குப் பதிலாக வரும் டோக்கன் யார் பெயரில் இருக்கிறது, நம் சரக்குக்குச் சேமிப்பு தேவைதானா என்பவை எல்லாம் இன்னும் கடைக்காரர் கையில்தான் இருக்கின்றன. இவற்றில் முதலாவதைத்தான் பலர் யோசிக்காமலே கடந்து போகிறார்கள். ஆபத்து அதிகம் இருப்பதும் அங்கேதான்.

நாமே வைத்துக்கொண்டால்

சட்டப்படி அடைபட்ட வழியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? சேமிக்கிறோம் என்று தெரியாமலே சேமித்துக்கொண்டிருக்கும் கடைகள் இருப்பதால்தான். சிங்கப்பூரிலோ கனடாவிலோ பதிவு செய்து கடை நடத்தும் நம்மவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் தடை இல்லை என்பதால், அவர்களில் சிலருக்கு இந்த ஆசை இன்னும் உயிரோடிருக்கிறது.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஓஎஸ்காமர்ஸ் என்ற இலவச மென்பொருளில் கடை போட்ட காலத்தில், கார்டுக்கென்று ஒரு மாட்யூல் கூடவே வரும். அதன் செட்டிங்கில் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். முகவரி கொடுத்தால், கார்டு எண்ணின் இரு ஓரங்களை டேட்டாபேஸில் வைத்துவிட்டு, நடு இலக்கங்களை மட்டும் அந்த முகவரிக்கு மெயிலில் அனுப்பிவிடும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து, கடையில் இருக்கும் ஸ்வைப் மெஷினில் கையால் அடித்துக்கொள்வார். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் மெயிலும் டேட்டாபேஸும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் இருந்தால் இரண்டு பாதியும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். முகவரியை நிரப்ப மறந்தால் முழு எண்ணும் டேட்டாபேஸிலேயே உட்கார்ந்துவிடும்.

இப்போதைய கெட்டிக்காரத்தனம் ஹாஷ், அதாவது எண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைக்கும் குறியீடு. "நம்பரை வைக்கவில்லை, அதன் ஹாஷை மட்டும்தான் வைத்திருக்கிறோம், அதைத் திருப்ப முடியாது" என்பார்கள். பாஸ்வேர்டு விஷயத்தில் ஓரளவு சரி. கார்டு எண்ணில் எடுபடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு இலக்கத்தில் முதல் ஆறு வங்கியைக் குறிப்பது, ரகசியமே இல்லை. கடைசி நான்கை நாமே ஆர்டர் பக்கத்தில் காட்டுகிறோம். மிச்சம் ஆறு இலக்கம், அதாவது 10 லட்சம் சாத்தியங்கள். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. லூன் சூத்திரம் என்று அதற்குப் பெயர். அந்தச் சூத்திரத்துக்குப் பொருந்தாதவற்றைக் கழித்தால் எஞ்சுவது 1 லட்சம்தான். 1 லட்சம் ஹாஷ்களைப் போட்டு ஒப்பிட ஒரு சாதாரண லேப்டாப்புக்கு ஒரு விநாடி கூட ஆகாது. முதல் எட்டு இலக்கமும் வங்கிக் குறியீடாக இருக்கும் கார்டுகளில் மிஞ்சுவது வெறும் ஆயிரம். அதனால்தான் கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ், ரகசியச் சாவி சேர்க்காத ஹாஷைப் பாதுகாப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

சரி, முறையாக என்கிரிப்ட் செய்தால்? சாவியை எங்கே வைப்பீர்கள் என்பதில் போய் முட்டும். சின்னக் கடைகளில் சாவி அதே சர்வரில், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு அடுத்த வரியில் இருக்கும். சர்வருக்குள் நுழைந்தவனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். சாவியைத் தனி வன்பொருளில் வைத்து, ஒரே ஆள் திறக்க முடியாதபடி பிரித்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றி, யார் எப்போது தொட்டார் என்று பதிவு வைப்பதுதான் சரியான முறை. அதைச் செய்ய ஒரு தனிக் குழு வேண்டும். மாதம் முந்நூறு ஆர்டர் போகும் கடை அதைப் பற்றி யோசிப்பதே வீண்.

இந்த பிசிஐ தரம் 2004-ல் வந்தது. அதைப் பராமரிக்க விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஐந்தும் சேர்ந்து 2006-ல் ஒரு கவுன்சில் அமைத்தன. பன்னிரண்டு பெருந்தலைப்புகள், அவற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான நிபந்தனைகள். இது நாட்டுச் சட்டமல்ல, வங்கியோடும் கேட்வேயோடும் போடும் ஒப்பந்தத்தின் வழியாக நம்மைக் கட்டுவது. எனவே டொராண்டோ கடைக்காரரும் தப்ப முடியாது. அதில் விதிவிலக்குக்கே இடமில்லாத ஒன்று: கார்டின் பின்புறம் இருக்கும் சிவிவி எண்ணைப் பணம் எடுத்து முடித்தபின் கடை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. என்கிரிப்ட் செய்தாலும் கூடாது. அந்த மூன்று இலக்கத்துக்கு டேட்டாபேஸில் தனியாக ஓர் இடம் போட்டிருக்கும் டெவலப்பரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு வேறு ஆள் தேடுங்கள்.

தெரியாமல் சேமிப்பது பற்றிச் சொன்னேன். அதற்கு பிரிட்டிஷ் ஏர்வேஸை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2018-ல் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஆள் புகுந்ததைப் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்தது. சுமார் 1,08,000 கார்டுகளின் விவரம் எந்தப் பூட்டும் இல்லாமல், கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளில் கிடந்தது அப்போது தெரியவந்தது. பெரும்பாலானவற்றில் சிவிவியும் சேர்த்தே இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. சோதனைக்காகப் போட்ட ஒரு வசதியை, தளம் நேரலைக்குப் போனபிறகும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். லாக்குகள் 95 நாளில் தானாக அழிந்துவிடும்படி இருந்ததால் எண்ணிக்கை அதோடு நின்றது.

நம் ஊர் கடைகளிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறிது. பேமென்ட் ப்ளக்இன் வேலை செய்யவில்லை என்று யாரோ, கோளாறு தேட எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் டீபக் மோடை ஆன் செய்வார். கோளாறு தீரும். டீபக் அப்படியே நிற்கும். கார்டு எண் நம் சர்வர் வழியாகப் போகும் அமைப்பென்றால், அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிசையாக விழும். அந்தக் கோப்பு ராத்திரி பேக்அப்பில் சேர்ந்து இன்னொரு இடத்துக்கும் போகும்.

விஷயம் வெளியே போனால்? தரவுக் கசிவு போன்ற சைபர் சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. உச்சவரம்புதான், எல்லாருக்கும் அவ்வளவு வராது. ஆனாலும் ஒரு சின்னக் கடையை மூட அதில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

எண்ணைத் தட்டும் பெட்டி யாருடையது?

சேமிக்காமல் இருந்தாலும் எண் நம் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகலாம். இங்கே மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, "பணம் செலுத்து" என்று அழுத்தியதும் வாடிக்கையாளர் முழுதாக கேட்வேயின் தளத்துக்குப் போய், அங்கே கார்டு எண் கொடுத்து, முடிந்ததும் நம் கடைக்குத் திரும்பி வருவது. இரண்டு, நம் பக்கத்துக்குள்ளேயே கேட்வேயின் பெட்டி திறப்பது. பார்க்க நம் கடைபோல இருக்கும், ஆனால் எண் விழும் பெட்டி ஐஃப்ரேம் வழியாக கேட்வேயின் சர்வரிலிருந்து வருவது. ரேசர்பே போன்றவற்றின் செக்அவுட் பெரும்பாலும் இந்த வகை. மூன்று, பெட்டியை நாமே வடிவமைத்து, எண்ணை நம் சர்வரில் வாங்கி, அங்கிருந்து கேட்வேக்கு அனுப்புவது.

மூன்றாவதைக் கேட்கும் கடைக்காரர்கள் சொல்லும் காரணம் அழகு. பட்டனின் நிறம் பிராண்டோடு ஒத்துப்போக வேண்டுமாம். அந்த நிறத்துக்கான விலை, பிசிஐ தரத்தின் மிக நீளமான கேள்விப்பட்டியல் நம் தலையில் விழுவது. கேட்வேக்களும் பிசிஐ சான்றிதழ் காட்டாமல் இந்த வழியைத் திறந்துவிடாது. முதல் இரண்டு வழிகளில் போனால் மிகச் சிறிய பட்டியலோடு முடிந்துவிடும். பிசிஐ மொழியில் அதை எஸ்ஏக்யூ-ஏ என்பார்கள். பெரும்பாலான கடைகள் தங்களை அந்தப் பட்டியலுக்குள் வைத்துக்கொள்வதே மிகப் பெரிய மிச்சம்.

முதலாவதா, இரண்டாவதா என்பதில்தான் உண்மையான போட்டி. கடைக்காரர்களுக்குப் பிடிப்பது இரண்டாவது. வாடிக்கையாளர் வேறு தளத்துக்குத் தூக்கிப் போடப்படுவதில்லை, போன் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நானும் பெரும்பாலும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பெட்டி கேட்வேயுடையதாக இருந்தாலும் அதைத் தாங்கி நிற்கும் பக்கம் நம்முடையது. அந்தப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட்டும் அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் போலிப் பெட்டி ஒன்றைக் காட்ட முடியும்.

மறுபடியும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு வருவோம். லாக் கோப்பு ஒரு பக்கம் இருக்க, முக்கியமான திருட்டு நடந்தது பணம் செலுத்தும் பக்கத்தில். தளத்தில் ஏற்கனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் அடியில் வெறும் 22 வரிகளைச் சேர்த்திருந்தார்கள். வாடிக்கையாளர் எண்ணைத் தட்டி பட்டனை அழுத்தியதும் பணம் வழக்கம்போலப் போகும், கூடவே ஒரு நகல் நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் இன்னொரு முகவரிக்கும் போகும். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுமார் 3,80,000 பரிவர்த்தனைகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே முதலில் அறிவித்தது. 2020-ல் வந்த அபராதம் 2 கோடி பவுண்டு. சேமிப்பே இல்லாத இடத்தில் நடந்த திருட்டு இது. டேட்டாபேஸை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டியிருந்தாலும் தடுத்திருக்க முடியாது.

இதை மனதில் வைத்து உங்கள் செக்அவுட் பக்கத்தைப் பாருங்கள். விளம்பரக் கணக்குக்கான ஃபேஸ்புக் பிக்ஸல், ஸ்கிரிப்ட்டுகளைச் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜர், சாட் பெட்டி, "ராஜேஷ் இப்போதுதான் இதை வாங்கினார்" என்று மூலையில் துள்ளும் பாப்அப், வாடிக்கையாளர் எங்கே விரலை வைக்கிறார் என்று வீடியோ மாதிரி பதிவு செய்யும் கருவி. இதில் எது பணம் கட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்? என் கணக்குப்படி ஒன்றும் வேண்டாம். ஆர்டர் முடிந்த பின் வரும் நன்றிப் பக்கத்தில் பிக்ஸல் ஓடினாலே விளம்பரக் கணக்குக்குப் போதும். பிசிஐயின் நான்காம் பதிப்பு, பணம் கட்டும் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கணக்கு வைக்கச் சொல்லும் நிபந்தனைகளை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியது. சிறிய பட்டியலில் வரும் கடைகளுக்கு அந்த நிபந்தனையைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு, "எங்கள் தளம் இந்த வகைத் தாக்குதலுக்கு இடம் கொடுக்காது" என்று உறுதி சொல்லும்படி மாற்றினார்கள். படிக்கச் சலுகைபோலத் தெரியும். உறுதி சொல்பவர் யார், கடைக்காரர்தானே.

மார்க்கெட்டிங் ஏஜென்சிக்கு டேக் மேனேஜரைத் திறந்துவிட்டு, யார் என்ன சேர்க்கிறார் என்று பார்க்க ஆளில்லாத கடையா? அப்படியானால் முதல் வழியே மேல். வாடிக்கையாளரை கேட்வேயின் தளத்துக்கே அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் தோற்றம் போகும், தொலையட்டும். அந்த வழியிலும் திருடன் நம் பக்கத்தில் புகுந்து வேறு தளத்துக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் முகவரிப் பட்டையில் பெயர் மாறுவது கண்ணில் படும்.

டோக்கன் யார் பெயரில்?

திரும்ப வரும் வாடிக்கையாளருக்கு எண்ணைத் தட்டும் வேலையை மிச்சம் பிடிக்க இப்போது இருக்கும் வழி டோக்கன். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனைப் போலத்தான், ஒரு வித்தியாசத்தோடு: இந்த டோக்கனை வேறு யார் கொண்டுவந்து நீட்டினாலும் செல்லாது. ஒரு கார்டு, டோக்கன் கேட்ட நிறுவனம், ஒரு கடை ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்க்கைக்கு மட்டும் அது உரியது. உங்கள் கடையிலிருந்து திருடிப் போய் இன்னொரு கடையில் பொருள் வாங்க முடியாது. பணம் எடுக்கும்போது டோக்கனோடு ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு மறைகுறியும் போக வேண்டும்.

டோக்கன் உருவாக வாடிக்கையாளர் சம்மதம் வேண்டும், ஓடிபி வேண்டும். "கார்டைச் சேமி" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கும் வேலை இங்கே ஆகாது. வாடிக்கையாளரிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தால், பழைய கடைகளோடு புதுக் கார்டை இணைக்க வங்கி மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து வங்கிகள் தங்கள் ஆப், நெட்பேங்கிங் வழியாகவே வாடிக்கையாளர் கடைகளைத் தேர்ந்தெடுத்து டோக்கன் போட்டுக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் "டோக்கன் கேட்ட நிறுவனம்" என்ற சொல். பெரிய தளங்கள் தங்கள் பெயரிலேயே டோக்கன் கேட்கும். சின்னக் கடைக்கு கேட்வேதான் கேட்டுக் கொடுக்கும். இரண்டு வருடம் கழித்து வேறு கேட்வே ஒன்றேகால் சதவீதத்துக்கு வருகிறது, மாறலாம் என்று நினைக்கிறீர்கள். அப்போது பழைய டோக்கன்கள் கூட வருமா? கேட்வே எந்த அமைப்பில் டோக்கன் எடுத்தது என்பதைப் பொறுத்தது. மற்ற கேட்வே வழியாகவும் ஓட்டக்கூடிய டோக்கன் என்று விற்கும் சேவைகள் இருக்கின்றன. சேல்ஸ் ஆள் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, "நாங்கள் இன்னொரு கேட்வேக்குப் போனால் இதே டோக்கனில் பணம் எடுக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா" என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். சேமித்த கார்டுகள் ஐநூறைத் தாண்டிய பிறகு இந்தக் கேள்வி கேட்டால் பேரம் பேச நம்மிடம் பிடி இருக்காது.

கேட்வேயிடம் கொடுத்துவிட்டால் கவலையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். டோக்கன் விதி அமலுக்கு வருவதற்கு முன், 2020 ஆகஸ்டில், ஆன்லைன் கட்டணங்களைக் கையாளும் ஜஸ்பே நிறுவனத்தில் ஊடுருவல் நடந்தது. புழக்கத்தில் இல்லாத பழைய கிளவுட் சாவி ஒன்று வழி விட்டது. நடு இலக்கங்கள் மறைக்கப்பட்ட சுமார் 3.5 கோடி கார்டுப் பதிவுகள் வெளியே போனதாக 2021 ஜனவரியில் செய்தி வந்தது, நிறுவனமும் ஊடுருவலை ஒப்புக்கொண்டது. முழுக் கார்டு எண்கள் தனிப் பெட்டகத்தில் இருந்ததால் அவற்றுக்கு ஆபத்தில்லை என்றார்கள். எண்ணைத் தனியே, மற்றதைத் தனியே வைத்ததுதான் அன்று காப்பாற்றியது. அதே பழைய சாவிப் பிரச்சினை உங்கள் கடையின் கேட்வே கணக்கிலும் இருக்கலாம்: வேலையை விட்டுப் போன டெவலப்பரிடம் இருக்கும் ஏபிஐ சாவியை மாற்றினீர்களா?

சேமிக்காமலே விட்டால்?

டோக்கன் விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. அமெரிக்கத் தளங்களில் சேமித்த கார்டு என்றால் ஒரே அழுத்தில் பொருள் வந்துவிடும். இங்கே டோக்கன் இருந்தாலும் ஓடிபி கேட்பது நிற்கப்போவதில்லை. மிச்சமாவது பதினாறு இலக்கமும் காலாவதித் தேதியும் தட்டும் நேரம் மட்டும். அந்த மிச்சம் உங்கள் கடைக்கு எவ்வளவு பெறும் என்பது சரக்கைப் பொறுத்தது.

காஞ்சிபுரம் பட்டுப்புடவை விற்கும் கடைக்கு ஒரே வாடிக்கையாளர் வருடத்துக்கு எத்தனை முறை வருவார்? கல்யாணம், தீபாவளி. அதற்குள் கார்டு மாறியிருக்கலாம், போன் மாறியிருக்கலாம். அங்கே "கார்டைச் சேமி" கட்டமே தேவையில்லை. வெறும் செக்அவுட் போதும். இருபதாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஒரு நிமிடம் எண் தட்டுவதை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து மாதாமாதம் காபித்தூள் அனுப்பும் கடை வேறு. அங்கே வாடிக்கையாளர் கார்டைத் தொடாமலே மாதப் பணம் வர வேண்டும். அதற்கு டோக்கனின் மேல் இ-மேண்டேட் போட வேண்டும், அதாவது பணம் தானாக எடுக்க வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். முதல் முறை ஓடிபி, பிறகு 15,000 ரூபாய் வரையான தொகைக்கு ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகும். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் பலர் "ஐயோ இன்னும் டப்பா காலியாகலையே" என்று ரத்து செய்வார்கள். கடைக்கு அது நஷ்டம்போலத் தெரியும். வேண்டாத பார்சல் திரும்பி வருவதை விட நல்லது.

உள்ளூர் வாடிக்கையாளர்தான் அதிகம் என்றால் கார்டைப் பற்றி இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், யுபிஐ இருக்கிறது. கார்டு எண்ணே இல்லாத இடத்தில் திருட எண்ணும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து சாதாரண யுபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரரிடம் எம்டிஆர் என்ற பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டில் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். மாத சந்தாவுக்கும் யுபிஐ ஆட்டோபே உண்டு. காபித்தூள் கடைக்கு நான் முதலில் அதைத்தான் வைப்பேன், கார்டை அடுத்த வரியில் போடுவேன்.

வாட்ஸ்அப்பில் வரும் கார்டுப் படம்

எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வராத, ஆனால் நம் கடைகளில் தினமும் நடக்கும் வழி இது. கொலு பொம்மையோ புடவையோ வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் பேசுவார். வெப்சைட்டில் அவர் கார்டு எடுக்கவில்லை. "நீங்களே போட்டுக்கோங்க தம்பி" என்று கார்டின் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் வந்து விழும். நம்பிக்கைதான், தப்பான எண்ணமே இல்லை. ஆனால் அந்த இரண்டு படங்களும் கடைப் பையனின் போன் கேலரியில் சேரும், அங்கிருந்து தானாகவே அவனுடைய கூகுள் கணக்குக்கும் போகலாம், கல்லாவில் திறந்து கிடக்கும் வாட்ஸ்அப் வெப்பிலும் தெரியும். சிவிவியும் சேர்த்து முழுக் கார்டும் மூன்று இடத்தில். எந்த என்கிரிப்ஷன் கட்டுரையும் இந்த ஓட்டையை அடைக்காது.

பதில் எளிது: பேமென்ட் லிங்க். பெரும்பாலான கேட்வேக்களில் தொகையைப் போட்டால் ஒரு லிங்க் வரும், அதை அனுப்பினால் அவரே கேட்வேயின் பக்கத்தில் எண்ணைக் கொடுத்துக்கொள்வார். கேட்வே கணக்கில் வெளிநாட்டுக் கார்டு வசதியைத் தனியாகக் கேட்டுத் திறக்க வேண்டும். அது திறக்காமல் இருப்பதால்தான் அக்காவின் கார்டு முதலில் நிராகரிக்கப்பட்டிருக்கும். படம் வந்துவிட்டால் "அக்கா, படத்தை நீங்களும் டிலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுத்துடுங்க, லிங்க் அனுப்புறேன்" என்று அப்போதே சொல்லிவிட்டு, கேலரியிலும் குப்பைத்தொட்டியிலும் அழிக்க வேண்டும். இதைக் கடையில் வேலை செய்யும் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஆர்டர் படிவத்தில் "டெலிவரி குறிப்பு" பெட்டியிலும் சிலர் கார்டு எண்ணை எழுதிவிடுவார்கள், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வரிசை

எப்போதாவது வரும் வாடிக்கையாளர், விலை அதிகமான சரக்கு: கேட்வேயின் பெட்டி, சேமிப்பு இல்லை. வாராவாரம், மாதாமாதம் வாங்கும் சரக்கு: யுபிஐ முன்னால், கார்டு டோக்கன் அடுத்து, சந்தா என்றால் மேண்டேட். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் மட்டும் ஓடும் கடை: வெப்சைட்டே வேண்டாம், லிங்க் போதும். இரண்டு கேட்வே வைத்திருக்கும் அளவுக்குப் பெரிய கடை மட்டும், டோக்கனை எந்த கேட்வேயிலும் ஓட்ட உதவும் இடைச்சேவைக்குப் பணம் கொடுக்கலாம். சர்வரில் எண்ணை வாங்கும் வழி இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. பட்டன் எந்த நிறமாக இருந்தாலும் சரி.

புது வழிக்கு மாறுவதற்கு முன் பழையதைத் துடைக்கும் வேலை பாக்கி இருக்கும். டேட்டாபேஸிலும் லாக் கோப்புகளிலும் பதினாறு இலக்கம் சேர்ந்தாற்போல வரும் இடங்களைத் தேடச் சொல்லுங்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் பதினைந்து. கிடைப்பதில் பாதி ஆர்டர் எண்ணும் பரிவர்த்தனை எண்ணுமாக இருக்கும், லூன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கார்டு எண் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்து பேக்அப். அதற்கடுத்து ஆர்டர் அறிவிப்பு வரும் மெயில் பெட்டி. கடைசியாக, மூன்று வருடத்துக்கு முன் சைட்டைச் செய்து கொடுத்தவரின் லேப்டாப்பில் "சோதனைக்கு" என்று எடுத்து வைத்த டேட்டாபேஸ் நகல். அவருக்கு ஒரு போன் போட்டு, அழித்துவிட்டதாக மெயிலில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.